அது மேலே போகிற வரைக்கும்

அத்தியாயம் 11

நல்லம்மாவின் கால் பெருவிரல் கறுத்துவிட்டது.

நேற்றுவரை ஊதாவாக இருந்த விரல், வெள்ளிக்கிழமை விடிந்தபோது அடுப்புக்கரியாகக் கிடந்தது. போர்வையை விலக்கிப் பார்த்தாள் மகள் ஜெயந்தினி. மூக்கைப் பொத்தினால் அம்மாவுக்கு மனம் நோகும் என்று மூச்சை மட்டும் அடக்கிக்கொண்டாள்.

"எப்படி இருக்கு பாப்பா? கொறஞ்சிருக்கா?"

"கொறஞ்சிருக்கும்மா."

"இன்னைக்குத்தானே போவுது? போய் அண்ணன்கிட்ட கேட்டுட்டு வா. போயிருச்சுன்னு அவன் சொன்ன நிமிசமே நான் எந்திரிச்சு வர்றேன். நீ சொல்ற ஆஸ்பத்திரிக்கு நடந்தே வர்றேன்."

நடந்தே வருவாளாம். எழுந்து குசினி வரை போக முடியாதவள் பேசுகிற பேச்சைப் பாருங்கள்.

இந்தக் குடும்பத்தோடு ஆரம்பத்திலிருந்தே கூடவருகிறவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ள வேண்டும். இன்றைக்குத்தான் வந்து உட்கார்ந்தவர்களுக்கு நடந்ததைச் சொல்லாமல் மேலே போவது நியாயமில்லை.

சுனாமி வந்த அடுத்த வருடம். நமுனுகுல மலைக்குக் கீழே ஒரு தேயிலைத் தோட்டம். அங்கே பணிய லயத்தில், அதாவது கீழ்வரிசைத் தொழிலாளர் வீடு ஒன்றில், அழகரும் நல்லம்மாவும். மகன் அஜந்தன் புலமைப்பரிசிலில் ரஷ்யாவுக்குப் போய் இஞ்சினியரிங் படிக்கிறான். அவனும் கூடப் படிப்பவர்களும் சேர்ந்து ஒரு செயற்கைக்கோள் செய்திருக்கிறார்கள். பெரிதாக ஒன்றும் இல்லை. அரை றாத்தல் பாண் ரொட்டி அளவுதான். ஆனால் அவர்களுடைய மூன்று வருட உழைப்பு அதற்குள் இருக்கிறது.

வானத்தில் சுற்றுகிற விண்வெளி நிலையத்துக்குச் சாப்பாடும் தண்ணீரும் ஒட்சிசனும் கொண்டுபோகும் சரக்குக் கப்பலில் இதற்கும் ஒரு மூலையில் இடம் கொடுத்திருந்தார்கள். அங்கே போய்ச் சேர்ந்ததும், மேலே இருப்பவர்களில் ஒருவர் வெளியே வந்து அதைக் கையாலேயே தள்ளிவிடுவாராம். அழகர் இளவயதில் வெலிமடை மரக்கறி லொறியில் கிளீனராக ஓடியவர். "லீக்ஸ் மூட்டைக்கு நடுவுல ஒரு பார்சல சொருகி விடுவோம்ல, அந்த மாதிரி" என்று லயத்துக்கே விளக்கம் சொன்னவர் அவர்தான்.

எல்லாம் நன்றாகத்தான் இருந்தது, நல்லம்மா நேர்த்தி வைக்கிறவரை.

திருவிழாக் காப்புக்கு நாள் உண்டு. ஒருநாள் கட்டினால் மறுகிழமை அவிழ்த்துவிடுவார்கள். அதுவரைக்கும் கட்டியவர்கள் தோட்டத்து எல்லையைத் தாண்டக் கூடாது. நல்லம்மா கட்டிக்கொண்டது தனிக் காப்பு. எத்தனை நாளைக்கு என்று பூசாரி கேட்டபோது, "எம் புள்ள செஞ்சது மேல போற வரைக்கும்" என்று சொல்லிவிட்டாள். வருகிற கிழமை போய்விடும் என்று மகன் சொல்லியிருந்தான் அல்லவா? கோயிலுக்கு நாள் குறிப்பவர்களைப் போலத்தான் ராக்கெட்டுக்கு நாள் குறிப்பவர்களும் என்று நினைத்துவிட்டாள், பாவம்.

முதல் தடவை ராக்கெட்டில் ஏதோ ஒரு வால்வு பழுது. அடுத்த தடவை, முன்னால் போன சரக்குக் கப்பல் நிலையத்திலிருந்து இன்னும் கழன்று வரவில்லை, புதியது போய் ஒட்ட இடமில்லை. அதற்கடுத்தது கம்பியூட்டர். இப்படியே தள்ளித் தள்ளிப் போக, நல்லம்மா வெறுங்காலோடு கோயிலைச் சுற்றிக்கொண்டே இருந்தாள். கவ்வாத்து வெட்டிய தேயிலைக் குச்சி ஒன்று பெருவிரலில் ஏறியதை யாரிடமும் சொல்லவில்லை. அவளுக்கோ சீனி வியாதி. மிச்சத்தை நான் சொல்ல வேண்டுமா?

போன வாரம் அழகர் ஒரு பொய் சொல்லிப் பார்த்தார். "போயிருச்சு புள்ள, நேத்தே போயிருச்சு" என்றார். அந்த மனிதருக்குப் பொய் வராது. காது மடல் சிவந்துவிடும். "அப்ப பய வாயால சொல்லச் சொல்லுங்க" என்றாள் அவள். கெஞ்சிக் கூத்தாடி ஒரே ஒரு தடவை தோட்டத்து ஆபீஸ் போனில் பேச வைத்தபோது, அஜந்தன் அம்மாவின் குரலைக் கேட்டதும் அழுதுவிட்டான். அன்றோடு பொய்க்கும் வழி அடைபட்டது.

தூக்கிக்கொண்டு போகவும் பார்த்தார்கள். கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு, "எல்லையத் தாண்டித் தூக்கிட்டுப் போனீங்கன்னா எம் புள்ள ஒழப்பு மண்ணாப் போகும். அப்புறம் நான் உசிரோட இருந்து என்ன?" என்று அவள் கத்திய கத்தலில் வந்தவர்கள் கையை எடுத்துவிட்டார்கள்.

இவ்வளவுதான் நடந்தது. இனி வெள்ளிக்கிழமை.

*

பண்டாரவளை ஸ்டேஷனுக்குப் போகிற இறக்கத்தில் இருந்தது ஸமீமின் கொமியுனிகேஷன். இரண்டு போன் கூண்டுகள், மூன்று கம்பியூட்டர்கள், வாசலில் போட்டோகொப்பி மெஷின். பஸ்ஸிலிருந்து இறங்கி ஓட்டமும் நடையுமாக வந்த ஜெயந்தினியைக் கண்டதும் ஸமீம் உட்காரக் கதிரையைத் துடைத்துப் போட்டான். அவன் அப்படிச் செய்ததே அவளுக்குப் பிடிக்கவில்லை. நல்ல செய்தியென்றால் வாசலிலேயே கத்தியிருப்பான்.

"அண்ணே போன் எடுத்துச்சா நானா?" ஸமீமை அவள் அண்ணன் முறையில் 'நானா' என்றுதான் கூப்பிடுவாள்.

"இன்னம் இல்ல தங்கச்சி. ஆனா நான் இன்டர்நெட்டுல பாத்தேன்." அவன் தலையைச் சொறிந்தான். "தேதிய மாத்தி வெச்சிரிக்கான். இன்டைக்கி இல்லயாம். ஞாயித்துக்கெழமயாம்."

அவள் உட்கார்ந்துவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை. கறுத்த விரல் ஞாயிற்றுக்கிழமைவரை காத்திருக்குமா? புதன்கிழமை நடமாடும் மருத்துவ முகாமுக்கு வந்திருந்த டாக்டர் நிவேதிகா பார்த்துவிட்டுச் சொன்னதெல்லாம் காதுக்குள் கேட்டது. விரலோடு போகட்டும், உடனே பதுளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவாருங்கள் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். அப்போது விரல் ஊதாதான்.

போன் அடித்தது. ஸமீம் எடுத்து, ஒன்றும் பேசாமல் அவளிடம் நீட்டினான்.

"ஜெயா..."

"தெரியும்ணே. ஞாயித்துக்கெழமதானே? நானா சொன்னாரு."

மறுமுனையில் இரைச்சல்தான் கேட்டது.

"அண்ணே? லைன் இருக்கா?"

"கப்பல் ஞாயித்துக்கெழம போவுது ஜெயா. நாங்க போவல."

"அப்படின்னா?"

"எங்கள எறக்கிட்டாங்க."

அவளுக்கு உடனே புரியவில்லை. புரியாமலிருந்த அந்தக் கொஞ்ச நேரம்தான் அன்று முழுக்க அவளுக்குக் கிடைத்த நிம்மதி.

"தள்ளித் தள்ளிப் போட்டதுல மேல இருக்கவங்களுக்குத் தண்ணி கொறஞ்சிருச்சு. சாப்பாடும்தான். கூடுதலா ஏத்தணுமாம், எடம் பத்தலயாம். அவசியமில்லாததெல்லாம் எறக்கச் சொல்லிட்டாங்க. நேத்து எங்க பெட்டியக் கழட்டி வெளிய எடுத்துட்டாங்க. அந்த எடத்துல என்ன வெச்சாங்க தெரியுமா? ரெண்டு போத்தல் தண்ணி."

"அடுத்த கப்பல்ல..."

"அடுத்ததுல எங்களுக்கு எடமில்லன்னு எழுத்துலயே குடுத்துட்டாங்க. எடம் கெடச்சாலும் பிரயோசனம் இல்ல. தள்ளிப்போட்ட ஒவ்வொரு நாளும் உள்ள இருந்த பேட்டரி எறங்கிக்கிட்டே வந்துச்சு. எங்களால தொடவே முடியல, சீல் வெச்சுட்டாங்க. இப்ப தொறந்து பாத்தா செத்துக் கெடக்கு. புதுசு போட்டு மறுபடி எல்லா சோதனையும் செய்யணும். யாரு செய்வா? இந்த மாசத்தோட எல்லாரும் ஊருக்குப் போறாங்க. முடிஞ்சிருச்சு ஜெயா. அது போகாது. எப்பவுமே போகாது."

அண்ணன் அழுதான். வேறு நாளாக இருந்தால் அவளும் சேர்ந்து அழுதிருப்பாள். இன்று அவளுக்குக் கோபம்தான் வந்தது.

"உம் பெட்டி செத்துருச்சுன்னு அழுவுற. இங்க அம்மா கால் அழுகிக்கிட்டிருக்கு. அது தெரியுமா ஒனக்கு?"

"கால்ல லேசா காயம்னுதானே சொன்ன?"

"லேசான காயம்தான். விரல் கரியாப் போச்சு. காய்ச்சல் கொதிக்குது."

"ஏன் ஜெயா எங்கிட்ட சொல்லல?"

"சொன்னா என்ன பண்ணுவ? ராக்கெட்டத் தோள்ல தூக்கிட்டுப் போயிருப்பியா?"

சொன்னபிறகுதான் எவ்வளவு குத்தலாகச் சொல்லிவிட்டோம் என்று அவளுக்கு உறைத்தது. ஆனால் திருப்பி எடுக்க நேரமில்லை.

"நான் அம்மாகிட்ட பேசுறேன்" என்றான் அஜந்தன். "இனிமே போகாதும்மா, அவுத்துருங்கன்னு சொல்றேன்."

"பைத்தியமா ஒனக்கு? போற வரைக்கும்னு நேந்தவகிட்ட போகவே போகாதுன்னு சொன்னா என்ன செய்வா? அவுப்பாளா? இந்த எல்லைக்குள்ளயே கெடந்து செத்துப்போவா. அதுதான் சாமி குடுத்த தீர்ப்புன்னுவா. அம்மாவ ஒனக்குத் தெரியாதா?"

அவனுக்குத் தெரியும்.

"ஆப்பரேசன் முடியிற வரைக்கும் நீ யாருக்கும் போன் எடுக்கக் கூடாது. அப்பாவுக்கும்தான். சத்தியம் பண்ணு."

"சத்தியமா எடுக்கல. ஆனா நீ என்ன செய்யப் போற ஜெயா?"

"தெரியல" என்று சொல்லிவிட்டு ரிசீவரை வைத்தாள். உண்மையிலேயே தெரியவில்லை.

ஸமீம் கவுண்டருக்குப் பின்னால் நின்று எல்லாவற்றையும் கேட்டிருந்தான். கேட்கவில்லை என்று நடிக்க அவனுக்கும் மனம் வரவில்லை. தானாகவே ஆஸ்பத்திரி நம்பரை அழுத்திக் கொடுத்தான். டாக்டர் நிவேதிகாவைக் கூப்பிட்டு வரக் கொஞ்சம் நேரமாயிற்று.

"சொல்லுங்கோ ஜெயந்தினி. அம்மாவை இன்னும் ஏன் கொண்டு வரேல்லை?"

"டாக்டர், விரல் கறுத்துப்போச்சுங்க."

"விரல் மட்டுமோ, இல்லாட்டி மேலையும் ஏறுதோ?"

"பாதத்து மேல கோடு மாதிரி ஓடுதுங்க. காய்ச்சல் வேற. விடியக்காலைல என்னென்னமோ பொலம்பினாங்க."

டாக்டரின் குரல் தணிந்தது. "இஞ்ச பாருங்கோ பிள்ளை. நான் புதன்கிழமை விரல் எண்டுதான் சொன்னனான். இப்ப அது விரலோடை நிக்காது. கால் போகும். இண்டைக்குப் பின்னேரத்துக்கிடையிலை கொண்டுவந்தால் காலோடை முடிக்கலாம். நாளைக்கு எண்டால் ஆளையே காப்பாத்துவன் எண்டு என்னாலை சொல்ல ஏலாது."

"நேத்தி வெச்சிருக்காங்க டாக்டர். எல்லையத் தாண்ட மாட்டேங்குறாங்க."

"அம்மாவோடை சண்டை பிடியாதேங்கோ. நானும் நல்லூருக்கு நேர்த்தி வைக்கிற ஆள்தான். ஆனால் எப்பிடியாவது கொண்டு வாங்கோ. நான் தியேட்டரை ஆயத்தமா வைச்சிருக்கிறன்."

ஜெயந்தினி போனை வைத்தபோது ஸமீம் கடைக் கதவை இழுத்துக்கொண்டிருந்தான்.

"என்ட வான்ல போவம். ஏறுங்க."

"நானா, கடை?"

"கடைய ஆரும் தூக்கிட்டுப் போக மாட்டாங்க. ஏறுங்க தங்கச்சி."

வழி நெடுக அவள் நல்லதாக ஒரு பொய்யைத் தேடிக்கொண்டிருந்தாள். போய்விட்டது என்று சொன்னால், அண்ணனைக் கூப்பிடு என்பாள். அண்ணன் அழுவான். இரண்டு நாளில் போகும் என்று சொன்னால், இரண்டு நாள் பொறுக்கிறேன் என்பாள். போகவே போகாது என்றால் கதை முடிந்தது. எந்தப் பக்கம் திரும்பினாலும் கடைசியில் அம்மா செத்துப்போனாள். பல்லகெட்டுவ சந்தி தாண்டியதும் அவள் தலையை ஜன்னல் கம்பியில் முட்டிக்கொண்டாள். ஸமீம் பார்த்துவிட்டு வேகத்தைக் கூட்டினான்.

*

வான் லயத்தடியில் நின்றபோது வாசலில் அழகரோடு பூசாரி சடையாண்டியும் உட்கார்ந்திருந்தார். காலையிலிருந்து அழகர் அந்த மனிதரின் காலைப் பிடிக்காத குறை.

"என்ன பாப்பா?" என்று அழகர் எழுந்தார். "போயிருச்சா?"

ஜெயந்தினி அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். இவரிடம் உண்மையைச் சொன்னால் அடுத்த நிமிடம் அது காது மடலில் ஏறிவிடும்.

"கப்பல் ஞாயித்துக்கெழம போவுதுப்பா."

அதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. ஸமீம் தலையைக் குனிந்துகொண்டான்.

அழகரின் முகம் விழவில்லை. எதிர்பாராத விதமாக மலர்ந்தது. "ஞாயித்துக்கெழமயா? அப்ப ரெண்டு நாளுதானே! பூசாரியாரே, சொல்லுங்க, இப்ப எங்கிட்ட சொன்னத பாப்பாகிட்ட சொல்லுங்க."

சடையாண்டி தொண்டையைச் செருமினார். தீர யோசிக்காமல் ஒரு வார்த்தையும் பேசாதவர் அவர்.

"ஒரு வழி இருக்கு பாப்பா. எங்கப்பா காலத்துல ஒரு தரம் செஞ்சாங்க. காப்பு கட்டுனவங்க முடியாமப் போயிட்டா, கை மாத்திக் கட்டலாம். ஆனா ஒரே ரத்தமா இருக்கணும். ஒங்கப்பா காலைலருந்து நான் வாங்குறேன் நான் வாங்குறேன்னு நிக்கிறாரு. புருசன் வாங்க முடியாது. பெத்த புள்ளதான் வாங்கலாம்."

"வாங்கினா அம்மா எல்லையத் தாண்டலாமா?"

"தாராளமாத் தாண்டலாம். அவளுக்கு நேத்தி எறங்கிரும். ஆனா வாங்குறவ எல்லாத்தையும் சேத்துத்தான் வாங்கணும். அதே எல்லை. அதே வார்த்தை. நாளக் கூட்டக் கொறைக்க, நெனச்ச மாதிரி மாத்திச் சொல்ல, ஒண்ணும் முடியாது."

"ரெண்டு நாளுதானே பாப்பா" என்றார் அழகர் மறுபடியும். சந்தோஷத்தில் மனிதருக்கு நின்ற இடத்தில் நிற்க முடியவில்லை. "ஞாயித்துக்கெழம அது போனதும் அவுத்துட்டு, திங்கக்கெழம நீ பாட்டுக்கு வேலைக்குப் போகலாம்."

வேலை. ஜெயந்தினி காலையிலிருந்து அதை நினைக்கவே இல்லை. வெலிமடையில் ஒரு பாடசாலையில் அவளுக்கு ஆசிரியை நியமனம் வந்திருந்தது. திங்கட்கிழமை போய்ப் பொறுப்பேற்க வேண்டும். அதற்காகத் தைத்த ஒசரிச் சேலைக்கான சட்டை இன்னும் தையல்காரரிடம்தான் இருந்தது.

ஸமீம் ஒரு அடி முன்னால் வந்தான். "தங்கச்சி, கொஞ்சம் இருங்க. நீங்க..."

அவள் திரும்பி அவனைப் பார்த்தாள். அவ்வளவுதான். அவன் வாயை மூடிக்கொண்டு வானுக்குப் போய்ப் பின்சீட்டை மடித்துப் போடத் தொடங்கினான்.

அந்த வாசலில் நின்ற நேரத்தில் அவள் என்ன நினைத்தாள் என்று என்னிடம் கேட்டால், அவள் ஒன்றும் தியாகி மாதிரி நினைக்கவில்லை. பயந்தாள். கையை வெட்டிப் போட்டுவிட்டு ஓடிவிடலாமா என்றுகூட நினைத்தாள். படித்தவள்தானே, நூலை அறுத்தால் ஒன்றும் ஆகாது என்று மனதின் ஒரு பக்கம் சொன்னது. ஆகிவிட்டால்? அம்மா வெட்டு மேசையில் கிடக்கும்போது ஆகிவிட்டால்? மனதின் அந்த மறுபக்கத்துக்கு எந்தப் புத்தகத்திலும் பதில் இருக்கவில்லை.

"வாங்குறேன்" என்றாள்.

நல்லம்மாதான் சம்மதிக்கவில்லை.

"நீ எதுக்குடி? ஞாயித்துக்கெழமதானே. ரெண்டு நாளு நான் பொறுத்துக்கிறேன்."

"ஒன்னால முடியும். ஒங் காலால முடியாதும்மா."

"நீ வேலைக்குப் போறவ. ஒன்ன இங்க கட்டிப் போட்டுட்டு நான் போகவா?"

"ரெண்டு நாளைக்கு என்னால இந்தத் தோட்டத்துல இருக்க முடியாதா? பொறந்ததுலருந்து இங்கதானே இருந்தேன்?" அவள் கட்டிலருகே குந்தினாள். "அம்மா, நான் கெஞ்சுறேன். ஒங் கால்ல விழுறேன். அண்ணன் திரும்பி வர்றப்ப நீ இல்லேன்னா நான் அவனுக்கு என்ன பதில் சொல்லுவேன்? எனக்கு யாரு இருக்கா?"

நல்லம்மா காய்ச்சல் கண்களால் மகளை வெகுநேரம் பார்த்தாள். நல்ல செய்தி சொன்னால் சந்தேகப்படுகிறவள், தள்ளிப் போட்டார்கள் என்ற கெட்ட செய்தியை மட்டும் கேள்வி கேட்காமல் நம்பினாள். அதற்குத்தானே இத்தனை வாரமாகப் பழகியிருந்தாள்.

"ரெண்டு நாளுதானே?" என்றாள்.

ஜெயந்தினி தலையை ஆட்டினாள்.

நல்லம்மா இடது கையை நீட்டினாள்.

சடையாண்டி பால் தொட்டு முடிச்சை இளக்கினார். மஞ்சள் துண்டு கோர்த்த நூல், வேர்வையில் ஊறிக் கறுத்துப்போயிருந்தது. அது கழன்ற இடத்தில் நல்லம்மாவின் மணிக்கட்டு வெளுத்துக் கிடந்தது. அவள் அந்த இடத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டாள்.

ஜெயந்தினியின் கையில் நூலைச் சுற்றிவிட்டு, முடிச்சுப் போடாமல் பூசாரி கேட்டார்.

"எது வரைக்கும்?"

எல்லோரும் அவள் வாயைப் பார்த்தார்கள். ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் என்று சொல்லிவிட முடிந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்! ஆனால் வார்த்தை மாறினால் காப்பு மாறாது. காப்பு மாறாவிட்டால் அம்மா அசைய மாட்டாள்.

"எங்கண்ணன் செஞ்சது மேல போற வரைக்கும்."

பூசாரி முடிச்சை இறுக்கினார்.

*

தோட்டத்தின் எல்லை, இஸ்டோர் என்கிற தேயிலைத் தொழிற்சாலைக்குக் கீழே ஓடும் ஓடைப் பாலம். அந்தப் பக்கம் பதுளைக்குப் போகும் றோட்டு.

வான் பாலத்துக்கு முன்னால் நின்றது. லயத்திலிருந்து கூடவே நடந்து வந்த ஜெயந்தினி ஜன்னலுக்குள் கையை விட்டு அம்மாவின் தலையைத் தடவினாள். அனலாகக் கொதித்தது. அழகர் நல்லம்மாவின் காலைத் தன் மடியில் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இருக்கிற உடுப்பில் நல்லதைப் போட்டிருந்தார். ஏதோ விசேஷத்துக்குப் போகிறவர் மாதிரி இருந்தது.

"டாக்டரம்மா பேரு நிவேதிகா. ஞாபகம் இருக்காப்பா? நேரா அவங்ககிட்டயே போங்க. அவங்க என்ன சொன்னாலும் சரின்னு சொல்லுங்க. காலப் பத்தி என்ன சொன்னாலும் சரின்னு சொல்லுங்க."

"சரி பாப்பா."

ஸமீம் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி நேராகப் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் கண் கலங்கியிருந்தது. "நானா" என்று அவள் மெதுவாகக் கூப்பிட்டாள். "வழியில அம்மா என்ன கேட்டாலும்..."

"எனக்கு ஒண்டும் தெரியாது தங்கச்சி. நான் ட்ரைவர்."

வான் உறுமியது. அப்போதுதான் நல்லம்மா அவள் கையை இறுகப் பிடித்தாள். பல நாளாக அந்த முகத்தில் இல்லாத ஒரு தெளிவு இருந்தது.

"பாப்பா, அண்ணன் போன் எடுத்தா ஒண்ணு சொல்லு. இத்தன நாளு என்னால அந்தப் புள்ளக்கி நெருக்கடி. அம்மா அங்க எல்லையில கெடக்குறாளே, எப்ப அனுப்புவோம் எப்ப அனுப்புவோம்னு துடிச்சிருப்பான். இப்ப நான் ஆஸ்பத்திரிக்குப் போயிட்டேன், ஜெயந்தினி பாத்துக்குவான்னு சொல்லு. ஞாயித்துக்கெழம முடியலேன்னாலும் பரவாயில்ல. அவசரமில்ல, நல்லபடியா மெதுவா அனுப்பச் சொல்லு."

"சொல்றேம்மா."

"இனிமே அவசரமில்ல" என்று நல்லம்மா மறுபடி சொன்னாள். சொல்லிவிட்டுக் கையை விட்டாள்.

வான் பாலத்தைக் கடந்தது. ஜெயந்தினியின் கால் தன்னையறியாமல் ஒரு எட்டு முன்னால் போய், பாலத்து விளிம்பில் நின்றது. வளைவில் வான் மறைகிறவரை கையை ஆட்டிக்கொண்டே நின்றாள். மறைந்தபிறகு அப்படியே பாலத்து முனைச் சுவரில் உட்கார்ந்து, முகத்தைப் பொத்திக்கொண்டு, காலையிலிருந்து அழாததையெல்லாம் சேர்த்து அழுதாள்.

பூசாரி சடையாண்டி கொஞ்சம் தள்ளி நின்றுகொண்டிருந்தார். அவள் ஓயட்டும் என்று காத்திருந்துவிட்டு வந்தார்.

"அழாத பாப்பா. அம்மா வந்துருவா. ஞாயித்துக்கெழம எந்நேரத்துக்குப் போகுதுன்னு அண்ணங்கிட்ட கேட்டு வையி. அவுக்குறதுக்குப் பூவும் எளநீயும் சொல்லி வெக்கணும்."

அவள் நிமிர்ந்தாள். இனி யாரிடமாவது சொல்லாவிட்டால் நெஞ்சு வெடித்துவிடும் போலிருந்தது.

"பூ வேணாம் சாமி. அது போகாது."

"தள்ளிப் போட்டுட்டாங்களா மறுபடியும்?"

"எறக்கிட்டாங்க. கப்பல்லருந்து கழட்டி வெளிய போட்டுட்டாங்க. இனிமே எந்தக் கப்பல்லயும் போகாது."

சடையாண்டி அவள் முகத்தைப் பார்த்தார். பிறகு அவள் மணிக்கட்டைப் பார்த்தார். அவருக்கு முழுதாகப் புரிய ஒரு நிமிடம் பிடித்தது.

"தெரிஞ்சா வாங்கின?"

"தெரிஞ்சுதான் கைய நீட்டுனேன்."

"அட பாவிப் புள்ள!" அவர் தலையில் கைவைத்துக்கொண்டு அவளுக்கு எதிரே உட்கார்ந்துவிட்டார். "எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? இத அவுக்குறதுக்கு யாருக்குமே வழி இல்லியே. நானே நெனச்சாலும் முடியாதே. ஒன் வேலை, ஒங் கல்யாணம், எல்லாம் இந்தப் பாலத்தோட நின்னுருமே."

"ஒரு வழியும் இல்லியா சாமி?"

அவர் ஓடையைப் பார்த்தார், இஸ்டோரைப் பார்த்தார், அவளை மட்டும் பார்க்கவில்லை.

"இருக்கு, இல்லியா? சொல்லுங்க."

"இருக்குன்னுதான் பெரியவங்க சொல்லுவாங்க. ஆனா அத நான் வாயால சொல்லக் கூடாது பாப்பா."

"சொல்லுங்க சாமி."

"மொதல்ல நேந்தவ..." அவர் நிறுத்தினார். "மொதல்ல நேந்தவ உசிரோட இல்லேன்னா, நேத்தி அவளோடயே போயிரும். காப்பு தன்னால விட்டுரும். அது ஒண்ணுதான் வழி."

ஜெயந்தினி வான் போன வளைவைப் பார்த்தாள். இந்நேரம் அம்மா பதுளைப் பாதையில் பாதி தூரம் போயிருப்பாள்.

பாவாடையில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டிவிட்டு எழுந்தாள். நூல் நழுவி விழுந்துவிடுமோ என்று பயந்தவளாக, வலது கையால் இடது மணிக்கட்டை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"அப்படின்னா இது காலத்துக்கும் எங் கையிலேயே கெடக்கட்டும் சாமி" என்று சொல்லிவிட்டு, லயத்தை நோக்கி நடந்தாள்.